மலைபடுகடாமும் ஆனைமலைக் காட்டுலாவும்

பத்துப்பாட்டுள் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம் 583 அடிகளால் இயன்றது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், செங்கண்மாவிலிருந்து ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பாடியது. பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையால் வாடி எதிர்வரும் மற்றொரு கூத்தனை அவ்வள்ளல்பால் ஆற்றுப்படுத்தலின் கூத்தராற்றுப்படை எனவும் பெயர் பெறும். இப்பாட்டை ‘உலகின் முதற் காட்டுலா வழிகாட்டி’ என்று போற்றும் வழக்கம் அண்மைக் காலத்தே எழுந்துள்ளது. மேடைகளிலும் மலர்களிலும் இக்கூற்று அடிக்கடி கேட்கப்படுகிறது. பாராட்டும் நோக்கினது ஆயினும் இக்கூற்றால் பாட்டின் உண்மைப் பெருமை மறைகின்றது என்பதும், பாட்டினுள் வரும் விலங்குகளை இன்னவை எனத் துணிதற்கண் இதனினும் பெரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

இன்றைய காட்டுலா யாது? கோவையிலிருந்து தெற்கே 40 கிலோமீட்டர் சென்றால் பொள்ளாச்சி. ஆங்கிருந்து சேத்துமடை வழியாக மலையேறினால் டாப்சிலிப். தேக்கு மரங்களை வெட்டிச் சரிவில் உருட்டிவிட்ட இடமாதலின் வெள்ளையர் இட்ட பெயர் அது. வெட்டியழிந்த காட்டில் தேக்கை மீண்டும் வளர்த்தவர் ஹ்யூகோ வுட் என்னும் வனத்துறை அதிகாரி. 1933இல் மறைந்த அவருடைய கல்லறை அம்மலையிலேயே உள்ளது. இக்காடு 1976இல் காட்டுயிர்ப் புகலிடமாகவும் 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பெற்றது. வருவோரை வனத்துறை வண்டியில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவர். கோழிகமுத்தியில் யானை முகாமும் உண்டு. மற்றொரு புறத்தில் ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்கு ஏறுவோர், ஒன்பதாம் வளைவின் அருகே பாறைச் சரிவில் வரையாடு நிற்கக் காண்பர். புதுத்தோட்டத்துச் சோலையை அடுத்து, சாலையோரத்திலேயே சிங்கவால் குரங்குகளைக் காண்பாரும் பலர்.

இவ்வுலாவின் பயன் காண்டல் ஒன்றே. யானை தென்பட்டதா, புலி தென்பட்டதா என்பதே இறங்கி வருவோரைப் பிறர் கேட்கும் வினா. ஒன்றும் தென்படாவிடின் கொடுத்த கட்டணம் வீண் என்று மனங்குறைவர். மலைபடுகடாம் வழிச்செல்லும் கூத்தரோ விலங்கு எதிர்ப்படாமையே விரும்புவர். பன்றிக்கு வைத்த கற்பொறிகள் உள்ள வழி, பாம்பு ஒடுங்கிய குழிகள் உள்ள வழி, பாசி படர்ந்து வழுக்கும் சுனைக்கரை, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வந்து விழும் இடம் என இவற்றையெல்லாம் முன்னறிந்து விலகுமாறு புலவர் அறிவுறுத்துகின்றார். மலையைக் கடப்பது பசியைக் கடத்தற்கு. பசியைக் கடக்கும் பொருட்டு நடப்பவனது அறிவும் பார்த்து மகிழ வந்தவனது அறிவும் ஒன்றாகா. ஆற்றுப்படையைச் சுற்றுலா நூலாக்குவோர் இவ்வேறுபாட்டை விட்டுவிடுகின்றனர்.

இனி, வேறுபாடு இன்னும் ஆழமானது. பாட்டின் பெயரையே நோக்குக. மலைக்கு யானையை உவமித்து, அம்மலையிற் பிறக்கும் ஓசையை யானையின் மதமாகச் சிறப்பித்தமையின் இப்பெயர் வந்தது என நச்சினார்க்கினியர் விளக்குவர். மலையை இப்புலவர் முதன்மையாகக் கண்ணாற் காட்டவில்லை, செவியாற் காட்டுகின்றார். ஏறத்தாழ இருபது ஓசைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. அருவியாடுவோர் ஒலி, முள்ளம்பன்றியின் முள்ளால் புண்பட்ட கானவரின் அழுகை, புலி பாய்ந்த கணவரின் மார்புப் புண் ஆறுதற்குக் காப்பாகக் கொடிச்சியர் பாடும் பாட்டு, பிளவில் வீழ்ந்த குட்டிக்காக மந்தி தன் சுற்றத்தொடு எழுப்பும் பூசல், பிடித்த யானையின் சினம் தணித்துக் கட்டுத்தறியில் பிணிக்கும் பாகர் பல மொழி விரவிய சொற்களாற் பழக்கும் ஓசை என இவ்வாறு செல்லும்.

இவ்வரிசையில் விலங்கோசை பல இடங்களில் தனியே வருவதில்லை என்பதை உரைகாரரும் பிற்கால ஆய்வாளரும் போதிய அளவு வற்புறுத்தவில்லை. புலியின் முழக்கம் கேட்கப்படுவதில்லை, புலியால் நேர்ந்த புண்ணுக்குப் பாடும் பாட்டே கேட்கின்றது. முள்ளம்பன்றி கேட்கப்படுவதில்லை, அதனாற் புண்பட்டவன் அழுகை கேட்கின்றது. இவ்விடங்களில் விலங்கும் மாந்தரும் ஒருவரையொருவர் தொட்டு வருத்துதலால் ஓசை பிறக்கின்றது. மாந்தரை நீக்கிய ‘தூய காடு’ என்ற எண்ணம் இப்பாட்டில் இல்லை. இன்றைய காப்பகத்தில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் எனப் பல குடியினர் வாழ்கின்றனர். உலா வருவோர் எடுக்கும் நிழற்படங்களில் அவர்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. யானை முகாமின் பாகரை அருகிற் சென்று கேட்பார்க்குப் பெருங்கௌசிகனார் கூறிய கலப்புமொழிச் சொற்கள் இன்றும் வழங்குதல் புலனாகும்.

செவி வழியே காட்டை அறிதல் என்பது கவிதை நயம் மட்டும் அன்று. மழைக்காட்டில் இலைச்செறிவு மிகுதியாதலின் பத்து அடிக்கு அப்பால் நிற்கும் விலங்கும் கண்ணுக்குத் தோன்றாது. ஆண் கருங்குரங்கின் உரத்த முழக்கமும், இருவாய்ச்சி பறக்குங்கால் அதன் சிறகு எழுப்பும் பேரிரைச்சலுமே அவற்றை முதலில் அறிவிப்பன. வண்டியின் பொறியொலிக்கிடையே உலா வருவோர் இழப்பது இதுவே. ஆனைமலையில் ஒரு நாள் நடந்த மாணாக்கர் இப்பகுதியை மீண்டும் படிப்பின், புலவர் ஏன் ஓசையைத் தலைமைப்படுத்தினார் என்பதை உரையின் துணையின்றியே உணர்வர்.

அடுத்து, விலங்குப் பெயர்களைத் துணியும் சிக்கலுக்கு வருவோம். இத்துறைக்கு அடித்தளம் இட்டவர் பி. எல். சாமி. அவருடைய சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம் 1967இலும், விலங்கின விளக்கம் 1970இலும், புள்ளின விளக்கம் 1976இலும் வெளிவந்தன. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி (1924–1936) பல சொற்களுக்கு ‘மரவகை’, ‘மீன்வகை’ என்ற அளவில் பொருள் கூறி நின்ற இடத்தில், இன்ன உயிரினம் எனத் துணிந்து கூற முயன்றமை அவருடைய அருஞ்செயல். ஆயினும் அவருக்குப் பின் எழுந்த கட்டுரைகள் பலவற்றில் ஒரு குறை உண்டு. சொல் ஒன்று, உயிர் ஒன்று என்று இணைத்துவிட்டு, அச்சொல் எந்த மலையைப் பாடும் பாட்டில் வந்தது என்று கேளாது விடுகின்றனர். குறிஞ்சி என்றால் எல்லாக் குறிஞ்சியும் மேற்குத் தொடர்ச்சி மலையே என்று கொள்கின்றனர். கொங்குநாட்டு அறிஞர்களிடம் இது சற்று மிகுதி. ஆனைமலை அருகிருத்தலால் வரும் பற்று அது.

குரங்கினத்தை எடுத்துக்கொள்வோம். தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்றினையும் வேறு வேறாக எண்ணி, மூன்றன் பெண்ணுக்கும் மந்தி என்னும் பெயரை உரிமையாக்குகின்றது. ஆனைமலையிலோ பகலில் காணப்படுவன நான்கு: நாட்டுக்குரங்கு, சாம்பல் நிற முசு, நீலகிரிக் கருங்குரங்கு, சிங்கவால் குரங்கு. பெயர் மூன்று, விலங்கு நான்கு. எஞ்சியதை எங்கே வைப்பது? ஊகமே சிங்கவால் குரங்கு என்று துணிந்துரைப்பார் உளர். கருமை நிறமும் அருகிய வழக்கும் அவர்க்குச் சான்று.

மலைபடுகடாமே இதனை மறுக்கின்றது. கவண்கல் மூங்கிலில் பட்டுத் தெறிக்க, கரிய விரலையுடைய ஊகம் தன் பார்ப்புடன் அஞ்சி ஓடுவதாக இப்பாட்டில் ஓரிடம் வருகின்றது. பாடப்பட்டது நன்னனது நவிரமலை. அதனைத் திருவண்ணாமலை மாவட்டத்துப் பருவதமலையாகப் பலரும் கொள்வர். கிழக்கு மலைகளின் வறண்ட காடு அது. சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமை மாறாச் சோலைகளுக்கே உரியது, உலகில் வேறெங்கும் இயற்கையில் இல்லாதது. மர உச்சி ஒன்றோடொன்று இணைந்த காடு அதற்கு வேண்டும். வால்பாறையில் தேயிலைத் தோட்டங்கள் சோலையைத் துண்டாடிய பின்னர், சாலையைக் கடக்க அவற்றுக்கு மேலே கயிற்றுப் பாலம் கட்ட நேர்ந்தமை இதனாலேயே. மூங்கிலும் தினைப்புனமும் அடுத்த சரிவில் அவ்விலங்கைத் தேடுவது பொருந்தாது. பண்டு கிழக்கு மலைகளிலும் சோலைக்காடு அடர்ந்திருக்கலாம் என விடை கூறுவார் உளராயின், அக்காட்டைப் பாட்டினுள்ளிருந்து காட்டுதல் அவர் கடன்.

அன்றியும், பிளவில் வீழ்ந்த குட்டிக்காகப் பூசலிடும் மந்தியையும் புலவர் கருவிரல் உடையதாகவே கூறி, அதன் சுற்றத்தைத் தளிர் மேயும் உடலினவாக அடைகொடுக்கின்றார். இவ்வடை விலங்கு நூல் வல்லார் எழுதியது போன்ற நுட்பம் உடையது. தளிரும் இலையும் முதன்மை உணவாகக் கொள்வன முசுவினமே. நாட்டுக்குரங்கும் சிங்கவால் குரங்கும் கனியும் பூச்சியும் தேடி உண்பன. எனவே இம்மந்தி முசுவின் பெண் என்பதில் ஐயம் இல்லை. வறண்ட காட்டில் வாழும் சாம்பல் முசுவுக்கு உடல் வெளிறியும் முகமும் கைகளும் கறுத்தும் இருக்கும். கபிலர் குறுந்தொகை 121ஆம் பாட்டில் முசுவின் ஆணை மை தீட்டியது போன்ற கரிய முகமுடையதாகக் காட்டுவதும், திருமுருகாற்றுப்படை பழமுதிர்சோலை அருவியில் நடுங்கும் முசுவைக் கருமுகத்தால் சுட்டுவதும் இதனொடு ஒத்துவருகின்றன. உடல் முழுதும் கரிய விலங்கை முகம் கரியது என்றும் விரல் கரியது என்றும் பிரித்துரைக்க வேண்டுவது என்னை? வெளிறிய மேனியின்மேல் கருமை தனித்துத் தோன்றும் வழியே அவ்வடை சிறக்கும். ஆதலின் சங்கப் பாடல்களில் முசு என வருவனவற்றைக் கண்டவுடன் நீலகிரிக் கருங்குரங்கு எனல் அவசரத் துணிபு. ஊகத்திற்கும் கருவிரல் அடையே வருதலின், இப்பாட்டளவில் ஊகமும் முசுவொடு நெருங்கிய ஒன்றாதலே ஏற்புடைத்து எனத் தோன்றுகிறது.

முசுவின் ஆணுக்குக் கலை என்னும் பெயரை மரபியல் உரிமையாக்குவதும் ஈண்டு எண்ணத்தக்கது. கலை மானின் ஆண்பெயர். அதனை மரத்தில் வாழும் முசுவுக்கு நீட்டியது ஏன்? மேற்குறித்த குறுந்தொகைப் பாட்டில் முசுக்கலை சரியாகப் பாயாமையால் கிளை முறிகின்றது. பாய்ச்சலே இரண்டற்கும் பொது. பெயர் வைத்தவன் உருவத்தை நோக்கவில்லை, அசைவை நோக்கினான் என்பது எம் கருத்து. குரங்கினத்தின் இளமைக்குப் பறவைக் குஞ்சுக்குரிய பார்ப்பு என்ற பெயர் பொருந்துவதும் மரத்து வாழ்க்கை பற்றியே ஆகலாம்.

இவ்வகையில் மலைபடுகடாம் தரும் மிகச் சிறந்த சான்று நன்னனது வாயில் முற்றத்தில் உள்ளது. மலைவாழ்நர் கொணர்ந்த கையுறைகளாக ஆமானின் குழவியும், கரடியின் குருளையும், வருடையின் மாத்தகரும், பாம்பை வெல்லும் கீரியும், மயிலும், கானக்கோழியும் பிறவும் அங்கே நிரல்படுகின்றன. பொருளாகிய மணியும் மருப்பும் தேனும் ஒருபுறம் இருக்க, உயிருடன் பிடித்த இளமை விலங்குகள் இத்துணை ஒருங்கே கூறப்படுவது சங்க இலக்கியத்துள் அரிது. இதனைக் காட்டுயிர்க் காதல் எனப் பாராட்டுவோர், அவை பிடிக்கப்பட்டவை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கூட்டம் ஓடிவிடப் பின்தங்கி அகப்பட்ட கன்று என்றே ஆமானைப் பற்றிப் புலவர் கூறுகின்றார். அவர் மறைக்கவில்லை, வாழ்த்துவோரே மறைக்கின்றனர்.

வருடைக்குத் தகர் என்ற ஆண்பெயர் வந்தமையைக் காண்க. மோத்தை, தகர், உதள், அப்பர் என்னும் நான்கையும் மரபியல் யாட்டுக்கு உரிமையாக்கும். கலித்தொகையில் வருடைமான் என்ற வழக்கு உண்மையின், வருடையை மான்வகை எனப் பொருள் எழுதிச் சென்றோர் பலர். பெருங்கௌசிகனாரோ ஆண்பெயரால் அதனை ஆட்டினத்தில் வைத்துவிட்டார். பரிபாடலில் மேட ஓரையை வருடை என்ற சொல்லாற் குறித்ததும் இதற்குத் துணை. வரையாடு என்ற வழக்குச் சொல்லும் இதனையே கூறும். மலைத்தோட்ட வெள்ளையர் தம் நாட்டருகு மலைகளில் வாழும் வேறோர் ஆட்டின் பெயரால் அதனை ஐபெக்ஸ் என்று அழைத்தனர். அது பிழை. விலங்கு நூலார் நெடுங்காலம் இமயத்துத் தாரோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்து, 2005இல் மரபணு ஆய்வின் பயனாகத் தனிப்பேரினம் ஆக்கி, செம்மறியினத்துக்கு அணுக்கமானது என்றனர். தகர் என்ற பெயர் செம்மறிக் கிடாய்க்கும் வழங்குவதை இதனொடு வைத்துப் புலவர் மரபணு அறிந்திருந்தார் என்று எழுதப் புகுதல் நகைப்புக்கு இடமாகும். யாடு என்பது இரண்டற்கும் பொதுப்பெயர், அவ்வளவே. கூர்ந்து கண்டவர் வகைப்படுத்தியது பிற்காலத்து ஆய்வுடன் முரணவில்லை என்பதுடன் நின்றுவிடுதல் முறை. இவ்வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் எண்ணப்பட்டன.

ஆமான் என்ற சொல்லும் அத்தகையதே. ஆவும் மானும் கூடிய பெயர். மாட்டினம் என்பதையும் காட்டில் திரிவது என்பதையும் ஒருங்கே கூறுகின்றது. குழவி என்ற இளமைப் பெயர் ஆவுக்கும் எருமைக்கும் உரியதென மரபியல் கூறும். இன்று செய்தித்தாள்களும் சுற்றுலா ஏடுகளும் இவ்விலங்கைக் காட்டெருமை என்கின்றன. எருமைக்கும் இதற்கும் மாட்டுக் குடும்பம் என்ற அளவிலன்றி நெருக்கம் இல்லை. உண்மையான காட்டெருமை தமிழ்நாட்டுக் காடுகளில் வாழ்வதும் இல்லை. மலையில் வழங்கும் காட்டி, காட்டுமாடு என்னும் பெயர்கள் பிழையற்றவை. கற்றோர் ஆக்கிய சொல் பிழைபட, கல்லாதார் சொல் நிற்பதற்கு இஃதொரு காட்டு.

சிங்கவால் குரங்கு என்பது மொழிபெயர்ப்புச் சொல். அதற்கு மாற்றாகச் சோலைமந்தி என்பாரும் உளர். சோலை என்ற அடை வாழிடத்தைச் சுட்டலின் மிகப் பொருத்தம். மந்தி பெண்ணுக்கே உரியது என்ற மரபியல் விதியைக் கொண்டு இதனை மறுக்கலாம். எனினும் வழக்கு வென்றுவிடும்போல் தோன்றுகிறது, மறுப்பதில் எமக்கும் ஆர்வம் இல்லை. வனவிலங்கு என்றால் பறவையும் செடியும் அடங்கா என்று கருதிக் காட்டுயிர் என்னும் சொல்லைத் தம் கட்டுரைகளில் இடைவிடாது வழங்கியவர் சு. தியடோர் பாஸ்கரன். அச்சொல் இன்று ஊன்றிவிட்டது.

கொங்குநாட்டு மலையைப் பற்றிய சங்கச் சான்று இல்லாமல் இல்லை. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தைப் பாடிய குமட்டூர்க் கண்ணனார்க்கு உம்பற்காட்டில் 500 ஊர் பிரமதாயமாகக் கொடுக்கப்பட்டது என அதன் பதிகம் கூறும். மூன்றாம் பத்தின் பதிகமும் பல்யானைச் செல்கெழு குட்டுவன் உம்பற்காட்டை வென்றமை கூறும். உம்பல் யானை ஆதலின் உம்பற்காடு ஆனைமலைப் பகுதி என்பது பல அறிஞர் கொள்கை. 500 ஊர் என்ற எண் சற்று மிகையாயினும், காடு என்ற சொல் அன்று மாந்தர் இல்லா வெற்றிடத்தைக் குறிக்கவில்லை என்பது இதனாற் பெறப்படும். சிங்கவால் குரங்கையோ நீலகிரிக் கருங்குரங்கையோ சங்கப் பாட்டில் தேடுவோர் சேரர் மலைகளைப் பாடும் பாடல்களிலிருந்து தொடங்குதல் வேண்டும், நவிரமலையிலிருந்து அன்று.

இவ்வாய்வுக்கு வேண்டிய கருவிகள் கோவையைச் சூழவே உள்ளன. 1902இல் திறக்கப்பெற்ற காஸ் வன அருங்காட்சியகம் நகரினுள் இருக்கின்றது. ஆனைகட்டியில் 1990இல் தோன்றிய சாலிம் அலி பறவையியல் மையம் இருக்கின்றது. முதுகலைப் பாடத்தில் பத்துப்பாட்டு இருக்கின்றது. ஆயினும் உரையில் ‘ஒரு பறவை’ என்று வரும் இடத்தை மாணாக்கர் அவ்வாறே எழுதித் தேர்வு பெறுகின்றனர். பழஞ்சொல் மீண்டு வந்து பயன்பட்டதற்கு அண்மையில் ஒரு சான்றும் உண்டு. பிணந்தின்னிக் கழுகு என்னும் இழிவழக்கை விலக்கி, சங்க நூல்களில் பயின்ற பாறு என்ற பெயரைக் கோவையைச் சார்ந்த அருளகம் என்னும் அமைப்பு மக்களிடையே பரப்பிற்று. கால்நடைக்கு இட்ட டைக்ளோபினாக் மருந்து, இறந்த மாட்டின் ஊன் வழியே பாறுகளைக் கொன்றமை தெளிந்து, அம்மருந்தைக் கால்நடைக்கு வழங்குவது 2006இல் தடை செய்யப்பட்டது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சிய பாறுகள் இன்றும் நீர்மத்தி மரங்களில் கூடு கட்டுகின்றன. பிணந்தின்னி என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளித்த உழவர், பாறு என்ற பெயரைக் கேட்டு அஃது எப்பறவை என வினவுகின்றனர்.